‘ஸ்டெயின்’ என்றால் கறை மட்டும்தானா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் என் வீட்டு விறாந்தையில் மாலை நேரங்களில் ஆங்கிலம் படிக்க வரும் பிள்ளைகளுக்காக இதை எழுதத் தொடங்கினேன். சென்ற மாதம் ஒரு மாணவி, பழைய தேவாலயம் ஒன்றைப் பற்றிய பத்தியை மொழிபெயர்க்கும்போது, ஆங்கிலத்தில் ‘ஸ்டெயின்ட் கிளாஸ்’ எனப்படும் அதன் வண்ணச் சாளரங்களைக் ‘கறைபடிந்த கண்ணாடிகள்’ என்று எழுதியிருந்தாள். படிப்பவர் மனத்தில் அழுக்கேறிய ஜன்னல்தான் எழும். ஆனால் பிழை அவளுடையது அல்ல. அகராதியைத் திறந்தாள், ‘ஸ்டெயின்’ என்பதற்கு நேரே ‘கறை’ என்று இருந்தது, எழுதினாள். அந்தச் சொல்லின் மறுபாதியை அகராதி அவளுக்குக் காட்டவில்லை. அந்த மறுபாதியைக் காட்ட விரும்பி, பிள்ளைகளும் அவர்களுடைய பெற்றோரும் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே திரட்டியிருக்கிறேன்.

சுருக்கமாகச் சொன்னால், ‘ஸ்டெயின்’ என்றால் என்ன?

ஒரு பொருளுக்குள் இறங்கி, எளிதில் வெளியேறாமல் தங்கிவிடும் நிறம். அப்படி நிறத்தை இறக்கும் செயலுக்கும் அதே சொல். அதற்குப் பயன்படும் திரவத்துக்கும் அதே சொல். ‘உள்ளே இறங்குதல்’ என்பதுதான் இதன் உயிர். உப்புவெளிக் கடற்கரையில் உட்கார்ந்து எழுந்தால் சாரத்தில் மணல் ஒட்டியிருக்கும். அது ஸ்டெயின் அல்ல; தட்டினால் உதிர்ந்துவிடும். அதே சாரத்தில் மரமுந்திரிகைப் பழத்தின் சாறு பட்டுக் காய்ந்தால் அது ஸ்டெயின். துணி கிழியும்வரை கூட வரும்.

மரத்தை வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். முதிரைப் பலகைக் கதவுக்குப் பெயின்ட் பூசினால் மரத்தின் வரி மறைந்துவிடுகிறது. ஸ்டெயின் பூசினால் நிறம் மரத்தின் நுண்துளைகளுக்குள் போகிறது. வரி முன்னிலும் எடுப்பாகத் தெரிகிறது. வன்பொருள் கடையில் ‘வூட் ஸ்டெயின்’ என்று எழுதிய தகரப் பேணியை மக்கள் விரும்பிக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். கறையைக் காசு கொடுத்து வாங்குவார் உண்டா? அகராதியின் ஒற்றைச் சொல் போதாது என்பதற்கு அந்தப் பேணியே சாட்சி.

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

இரண்டு இடங்களிலிருந்து. இந்தக் கேள்விக்கு மட்டும் சற்று நீளமாகப் பதில் சொல்ல விரும்புகிறேன்.

முதல் வழி இலத்தீன் வழி. இலத்தீனில் ‘டிங்கெரே’ என்றால் தோய்த்தல், சாயமிடுதல். அதன் முன்னே ‘அகற்று’ என்ற பொருள் தரும் ‘டிஸ்’ என்ற முன்னொட்டுச் சேர்ந்தது. பழைய பிரெஞ்சு மொழியில் அது ‘நிறத்தைப் போக்கு’ என்ற பொருளில் வழங்கி, ஆங்கிலத்துக்கு ‘டிஸ்டெயின்’ என்று வந்தது. பிறகு தலைப்பகுதி உதிர்ந்தது, ‘ஸ்டெயின்’ மிஞ்சியது. ஆங்கிலத்தில் இப்படித் தலையிழந்த சொற்கள் பல உண்டு. ‘டிஸ்போர்ட்’ என்பதிலிருந்துதான் நாம் நாள்தோறும் சொல்லும் ‘ஸ்போர்ட்’ வந்தது. ‘டிஃபென்ஸ்’ என்பதிலிருந்து வேலியைக் குறிக்கும் ‘ஃபென்ஸ்’ வந்தது. தமிழ் இலக்கணம் படித்த பிள்ளைகளுக்கு இது புதிதே அல்ல. ‘தாமரை’ செய்யுளில் ‘மரை’ என்று நிற்பதை முதற்குறை என்று படித்திருக்கிறோம். ‘ஸ்டெயின்’ ஒரு முதற்குறை என்று சொன்னால் என் மாணவர்கள் உடனே பிடித்துக்கொள்கிறார்கள்.

இரண்டாவது வழி வடகடல் வழி. வட ஐரோப்பிய வைக்கிங்குகள் பேசிய பழைய நோர்ஸ் மொழியில் ‘ஸ்டெய்னா’ என்றால் வண்ணம் தீட்டுதல். அது ‘ஸ்டெய்ன்’ என்ற பெயர்ச்சொல்லோடு சேர்ந்தது. அந்தப் பெயர்ச்சொல்லுக்குக் கல் என்றும் பொருள், வண்ணம் என்றும் பொருள். கல்லை அரைத்து நிறம் எடுத்த காலத்துச் சொல் அது. 9ஆம் நூற்றாண்டிலிருந்து இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் வைக்கிங்குகள் குடியேறினார்கள். அவர்களோடு நூற்றுக்கணக்கான நோர்ஸ் சொற்கள் ஆங்கிலத்தில் கலந்தன. 14ஆம் நூற்றாண்டின் இறுதிவாக்கில் ‘ஸ்டெயின்’ என்ற வினை ஆங்கில எழுத்தில் தெரியும்போது, இந்த இரண்டு வழிகளும் ஒன்றாகிவிட்டிருந்தன. பெயர்ச்சொல்லாக அது வழங்கியது பிறகு, 16ஆம் நூற்றாண்டில்.

கல்லே நிறமான கதையைப் படித்தபோது எனக்குக் காவி நினைவுக்கு வந்தது. காவிக்கல்லிலிருந்து எடுத்த நிறத்துக்குக் காவி என்று பெயர். அந்த நிறம் பூசிய துணியும் காவி. கோயில் மதிலில் வெள்ளைக்கு அடுத்து வரும் பட்டையும் காவி. வெற்றிலை போட்டுப் போட்டுப் பல்லில் ஏறிய கறையும் காவிதான். கல், சாயம், புனிதம், கறை என்ற நான்கையும் ஒரு சொல் தாங்குகிறது. நோர்ஸ்காரர்கள் நடந்த அதே பாதையில் நாமும் நடந்திருக்கிறோம், அவர்களை அறியாமலே.

‘நிறத்தைப் போக்கு’ என்ற சொல் எப்படி ‘நிறத்தை ஏற்று’ என்று மாறியது?

இரண்டு மூலங்கள் கலந்தது ஒரு காரணம். நோர்ஸ் வழியில் வந்த ‘வண்ணம் தீட்டு’ என்ற பொருள் வலுவாக இருந்தது. ஆனால் வகுப்பில் நான் ஒரு வாளியைக் காட்டித்தான் இதை விளக்குவேன். புதுச் சிவப்புச் சட்டையையும் வெள்ளைப் பள்ளிச் சீருடையையும் ஒரே வாளியில் ஊறவைத்த வீட்டில் என்ன நடக்கும்? சட்டையில் சாயம் போகும். சீருடையில் சாயம் ஏறும். ஒன்றின் இழப்பே மற்றதன் நிறம். ஒரே வாளியில், ஒரே நேரத்தில் நடப்பதை இரண்டு பக்கம் நின்று பார்க்கிறோம், அவ்வளவுதான். இயல்பான நிறம் கெட்டுப்போதல் என்ற பொருள் நடுவில் பாலமாக நின்றது.

பழைய பொருள் நெடுங்காலம் மறையவும் இல்லை. 1609இல் அச்சான ஷேக்ஸ்பியரின் சானெட்டுகளில் 33ஆவது, மேகம் மறைத்து ஒளி மங்கும் சூரியனைப் பற்றியது. அதன் கடைசி வரியில் சூரியன் ‘ஸ்டெயின்’ ஆகிறது. அங்கே ‘சூரியனில் கறை படிந்தது’ என்று மட்டும் எழுதினால் பாதிதான் கிடைக்கும். ‘ஒளி மழுங்கியது’ என்ற பழம்பொருளும் அந்த வினைக்குள் இருக்கிறது.

அந்தக் காலத்தில் ‘ஸ்டெயினர்’ என்று ஒரு தொழில் இருந்ததாமே?

இருந்தது. லண்டனில் பெயின்டர்கள் ஒரு சங்கம், ஸ்டெயினர்கள் இன்னொரு சங்கம். மரம், கல், உலோகம் ஆகியவற்றின் மேல் தீட்டியவர் பெயின்டர். துணியில் தீட்டியவர் ஸ்டெயினர். சுவரில் தொங்கவிடும் சித்திரத் துணிகள் இவர்கள் கைவேலை. 1502இல் இரண்டு சங்கங்களும் இணைந்து ‘பெயின்டர் ஸ்டெயினர்ஸ்’ என்ற பெயரைப் பெற்றன. அந்தச் சங்கம் இன்றும் லண்டனில் இருக்கிறது. தன்னை ஸ்டெயினர் என்று சொல்லிக்கொள்வதில் ஒருவருக்குப் பெருமை இருந்த காலம் அது.

தேவாலயக் கண்ணாடிக்கு ‘ஸ்டெயின்ட் கிளாஸ்’ என்ற பெயர் ஏன்?

வண்ணக் கண்ணாடி என்றோ, நிறக்கண்ணாடி ஓவியம் என்றோ எழுதுங்கள், கறை வேண்டாம். அந்தக் கண்ணாடியின் பெரும்பாலான நிறங்கள் கண்ணாடியை உருக்கும்போதே உலோகச் சேர்மங்களைக் கலந்து உண்டாக்கியவை. கோபால்ட் நீலம் தரும். செம்பும் பொன்னும் சிவப்புத் தரும். ஆனால் 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் பரவிய ஒரு முறை உண்மையிலேயே ஸ்டெயின்தான். வெள்ளிச் சேர்மத்தைக் கண்ணாடியின் மேல் பூசிச் சூளையில் வைத்தால், வெள்ளி கண்ணாடிக்குள் இறங்கி மஞ்சளாகிவிடும். புனிதர்களின் தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் அப்படித்தான் பொன்னிறம் பெற்றது.

தமிழில் இதற்குச் சரியான சொல் எது?

ஒற்றைச் சொல் இல்லை. அதற்காக நாம் வருந்த வேண்டியதில்லை. நம்மிடம் இருப்பவை ஒவ்வொன்றும் தனித்தனியே கூர்மையானவை.

துணியில், பல்லில், பாத்திரத்தில் படிவது கறை. வாழைக்காய் வெட்டும்போது விரலில் பிடிப்பது கயர். எங்கள் பக்கத்துப் பெண்கள் கையில் எண்ணெய் பூசிக்கொண்டே வாழைக்காயைத் தொடுவது அதற்காகத்தான். உடம்பிலும் நிலவிலும் இருப்பது மறு. வள்ளுவர் அதை இரண்டு விதமாகக் கையாண்டிருக்கிறார். நற்குடியில் பிறந்தவரிடம் உள்ள குற்றம் நிலவின் மறுவைப்போல ஊரெல்லாம் தெரியும் என்கிறது 957ஆம் குறள். தேய்ந்து வளரும் நிலவுக்கு இருப்பதுபோல இந்தப் பெண்ணின் முகத்தில் மறு உண்டோ என்று காதலன் கேட்கிறான் 1117ஆம் குறளில். பெயருக்கும் புகழுக்கும் வருவது களங்கம். பொதுவாகத் தூய்மையைக் கெடுப்பது மாசு. வேண்டுமென்றே ஏற்றுவது சாயம். ‘ஸ்டெயின்’ இவை எல்லாவற்றின் மேலும் ஒரே போர்வையைப் போர்த்துகிறது. மொழிபெயர்ப்பவர் போர்வையை விலக்கி உள்ளே எது இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

கறை என்ற சொல்லுக்கும் தமிழில் ஒரு தனிப் பெருமை உண்டு. இதை நான் எந்த வகுப்பிலும் சொல்லாமல் விடுவதில்லை. புறநானூற்றின் கடவுள் வாழ்த்தில் பெருந்தேவனார் சிவனின் கழுத்தைப் பாடும்போது ‘கறைமிடறு அணியலும் அணிந்தன்று’ என்கிறார். நஞ்சு தங்கிய கறை அந்தக் கழுத்துக்கு அணியாக விளங்குகிறது என்பது பொருள். அந்தக் கறையை அந்தணர் போற்றுவதாகவும் அடுத்த வரி சொல்கிறது. கோணேசர் மலைக்குப் போகும்போதெல்லாம் எனக்கு அந்த வரி நினைவுக்கு வரும். திருஞானசம்பந்தர் கோணமாமலை மேல் பாடிய பதிகம், இறைவனை முதல் அடியிலேயே ‘நிமலர்’ என்று அழைக்கிறது. மலம் அற்றவர் நிமலர். மலம் என்பது அழுக்கு, கறை. கழுத்தில் கறை உடையவரே கறையற்றவர். சைவர்கள் இதை முரணாக நினைத்ததே இல்லை. பிறர் பொருட்டு ஏற்ற கறையை அவர்கள் வேறு கணக்கில் வைத்தார்கள்.

கத்தோலிக்கத் தமிழிலும் இதே வேர் வழங்குகிறது. ‘அமலோற்பவம்’ என்பதன் முதற்பகுதி ‘அமலம்’. ஆங்கிலத்தில் அதற்கு ஈடாக ‘இம்மாக்குலேட்’ என்பார்கள். அந்தச் சொல்லுக்குள் இருப்பது ‘மாக்குலா’ என்ற இலத்தீன் சொல். அதன் பொருள் புள்ளி, கறை.

‘டெயின்ட்’, ‘டின்ட்’, ‘டார்னிஷ்’, ‘பிளெமிஷ்’ எல்லாம் இதன் உறவுகளா?

‘டின்ட்’, ‘டிஞ்ச்’ இரண்டும் நெருங்கிய உறவு. எல்லாம் ‘டிங்கெரே’ பெற்ற பிள்ளைகள். காயத்துக்குப் போடும் ‘டிஞ்சர்’ என்ற மருந்தை நினைத்துப் பாருங்கள். அதுவும் அதே தாயின் பிள்ளைதான். முழங்காலில் டிஞ்சர் அயோடின் பூசி, அதன் பழுப்பு நிறம் இரண்டு நாள் போகாமல் இருந்தால், ‘ஸ்டெயின்’ என்ற சொல்லை அதன் கூடப்பிறந்த ‘டிஞ்சர்’ விட்டுச் சென்றிருக்கிறது என்று சொல்லலாம்.

‘டெயின்ட்’ சற்றுச் சிக்கலானது. நிறத்தைக் குறித்த சொல் ஒன்றும், ‘தொடுதல்’ என்ற பொருளில் வந்த ‘அட்டெயின்ட்’ என்ற சட்டச் சொல்லும் அதில் கலந்துவிட்டன. அதனால்தான் அது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத கெடுதலைக் குறிக்கிறது. கெட்டுப்போன இறைச்சி ‘டெயின்ட்’ ஆனது. அந்த இறைச்சியின் இரத்தம் பட்ட சட்டை ‘ஸ்டெயின்’ ஆனது. ‘டார்னிஷ்’ என்பது மங்கச் செய்தல். பித்தளைக் குத்துவிளக்கு புளி போட்டுத் துலக்காவிட்டால் அடையும் நிலை. ‘பிளெமிஷ்’ பழைய பிரெஞ்சில் ‘வெளிறச் செய்’ என்ற பொருளில் இருந்து வந்தது. இந்தக் கடைசி இரண்டும் வேறு குடும்பத்தவை.

உயர்தர உயிரியலில் வரும் ‘கிராம் ஸ்டெயின்’ என்பதில் கறை எங்கே இருக்கிறது?

கறை இல்லை, சாயம் இருக்கிறது. பாக்டீரியா ஏறக்குறைய நிறமற்றது. சாதாரண நுண்ணோக்கியில் எளிதில் தெரியாது. 1884இல் பெர்லினில் பணிபுரிந்த டென்மார்க்கு மருத்துவர் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம், நிமோனியாவில் இறந்தவர்களின் நுரையீரல் திசுவைச் சோதித்தபோது இந்த முறையைக் கண்டார். முதலில் ஊதாச் சாயம், அடுத்து அயோடின், பிறகு மதுசாரத்தால் கழுவுதல். செல்சுவர் தடித்த பாக்டீரியாக்கள் ஊதாவை விடாமல் பிடித்துக்கொள்கின்றன. மற்றவை இழந்துவிடுகின்றன, அவற்றைக் காண இன்று கடைசியில் இளஞ்சிவப்புச் சாயம் ஏற்றுகிறார்கள். எந்த நுண்ணுயிர்க்கொல்லி பொருந்தும் என்று மருத்துவர் முடிவு செய்ய இன்றும் இந்த நிற வேறுபாடு உதவுகிறது.

பாருங்கள், இங்கேயும் அதே வாளிக் கதை. நிறத்தை ஏற்றுவதும் நிறத்தைப் போக்குவதும் ஒரே செய்முறையின் இரண்டு படிகள். பழைய சொல்லின் இரண்டு பொருளும் ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் சந்திக்கின்றன. பரீட்சையில் ‘சாயமிடல்’ என்று எழுதுங்கள்.

‘ஸ்டெயின்லெஸ்’ ஸ்டீல் எங்கள் வீட்டில் துருப்பிடித்துவிட்டதே?

பெயர் கொடுத்த வாக்கு சற்றுப் பெரியது. 1913இல் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி துப்பாக்கிக் குழல்களுக்கு ஏற்ற உருக்கைத் தேடிக்கொண்டிருந்தபோது, குரோமியம் கலந்த உருக்கு அரிப்பைத் தாங்குவதைக் கண்டார். ‘துருவற்ற’ என்பதே அவர் நினைத்த பெயர். கத்தி செய்யும் தொழிலில் இருந்த ஒருவர் வினாகிரியில் சோதித்துப் பார்த்து ‘ஸ்டெயின்லெஸ்’ என்றார். குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருந்தால் மேற்பரப்பில் மெல்லிய ஆக்சைடுப் படலம் உருவாகிக் காக்கும். கடலுப்பில் உள்ள குளோரைடு அந்தப் படலத்தைத் துளைக்கும். மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த ஊரில் ஜன்னல் கம்பிகளை அவ்வப்போது நல்ல தண்ணீரால் கழுவிவிடுவதுதான் வழி.

எங்கள் ஊர் வாழ்க்கையில் ‘நல்ல ஸ்டெயின்’ என்று சொல்ல ஏதாவது உண்டா?

உண்டு, அதுவும் கடலோடு பிணைந்தது. நைலான் வருவதற்கு முன் மீன்வலை பருத்தி நூலால் ஆனது. உப்புநீரில் அது விரைவில் உக்கிவிடும். பனிச்சங்காயை இடித்து ஊறவைத்த சாற்றில் வலையைத் தோய்த்துக் காயவைப்பார்கள். காயில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் நூலுக்குள் இறங்கி, வலையைக் கரும்பழுப்பாக்கி, உக்காமல் காக்கும். இங்கிருந்து மட்டக்களப்புக்குப் போகும் வழியில் வாகரைப் பக்கம் பனிச்சங்கேணி என்று ஓர் ஊர் இருக்கிறது. அந்த மரத்தின் பெயர் ஊர்ப் பெயரிலேயே நிற்கிறது. கறை பிடித்த வலையே நல்ல வலை.

வடக்கே மன்னார், யாழ்ப்பாணப் பக்கத்து மணல் நிலங்களில் சாயவேர் தோண்டினார்கள். படிகாரத்தோடு சேர்த்தால் துணிக்கு நிலையான சிவப்பைத் தரும் வேர் அது. ஒல்லாந்தர் காலத்தில் அதன் வணிகம் அவர்கள் கையில் இருந்தது. நிறத்தைத் துணியில் பற்றவைக்கும் படிகாரம் போன்ற பொருளுக்கு ஆங்கிலத்தில் ‘மோர்டன்ட்’ என்று பெயர். பிரெஞ்சில் அதற்குக் ‘கடிக்கிறது’ என்று பொருள். நாமும் ‘சாயம் பிடித்தது’ என்கிறோம். பிடிக்கவோ கடிக்கவோ செய்தால்தான் அது ஸ்டெயின்.

பிறகு மருதோன்றி. கிண்ணியாவிலும் மூதூரிலும் பெருநாளுக்கு முதல் நாள் இரவு பிள்ளைகள் கையை அசைக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். இலையில் உள்ள நிறப்பொருள் தோலின் புரதத்தோடு பிணைகிறது. நன்றாகச் சிவந்ததா என்று காலையில் கையை நீட்டிக் காட்டும் பிள்ளையிடம், அது கறை என்று எவரும் சொல்ல மாட்டார்கள்.

வெள்ளை வேட்டியில் பட்ட மஞ்சள், சவர்க்காரம் போட்டதும் சிவப்பாகிவிட்டது. கெட்டுவிட்டதா?

கெடவில்லை. மஞ்சளில் உள்ள குர்குமின் காரம் பட்டால் சிவக்கும். சவர்க்காரம் காரத்தன்மை உடையது. மஞ்சள் நீரில் சுண்ணாம்பு கலந்து ஆலாத்தி கரைக்கும்போது நடப்பதும் இதுவே. நன்றாக அலசினால் மீண்டும் மஞ்சளாகும். பிறகு வெயிலில் காயப்போடுங்கள். குர்குமினை வெளிச்சம் சிதைத்துவிடும். எங்கள் ஊர் வெயிலில் இரண்டு மூன்று நாளில் பெரும்பாலும் வெளுத்துவிடும். இரத்தக் கறைக்கு மட்டும் வெந்நீர் வேண்டாம். சூட்டில் புரதம் இறுகித் துணியோடு ஒட்டிக்கொள்ளும். முதலில் குளிர்ந்த நீர்.

ஒருவருடைய நடத்தையில் ‘ஸ்டெயின் இல்லை’ என்று ஆங்கிலத்தில் வந்தால்?

‘களங்கமற்றவர்’ என்று எழுதுங்கள். ‘கறைபடாத கை’ என்ற வழக்கு தமிழில் நன்றாகவே நிலைத்திருக்கிறது. ஆனால் அது பெரும்பாலும் இலஞ்சம் வாங்காதவரைக் குறிக்கும். நீதிமன்றத்தில் குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டவருக்குக் களங்கம் நீங்கியது என்பதே பொருந்தும்.

தேர்தலில் விரலில் பூசும் மையையும் ‘ஸ்டெயின்’ என்று சொல்லலாமா?

தாராளமாகச் சொல்லலாம். மேலே சொன்ன ஒவ்வொரு பொருளும் அதில் பொருந்தி நிற்கிறது. அந்த மையில் சில்வர் நைட்ரேட் இருக்கிறது. தோலில் பட்டதும் அதிலுள்ள உப்போடு சேர்ந்து, வெளிச்சத்தில் கறுக்கிறது. தேவாலயக் கண்ணாடியில் பொன்னிறம் தந்த அதே உலோகம் விரலில் கருநீலம் தருகிறது. வேண்டுமென்றே ஏற்றிய நிறம் என்பதால் அது சாயம். போகாது என்பதால் அது கறை. வாக்களித்தவர் அடுத்த நாள் சந்தையில் நின்று விரலைக் காட்டிப் பேசும்போது அது அணி. சவர்க்காரம், தேசிக்காய், மண்ணெண்ணெய் எதற்கும் அது எளிதில் இளகாது. தோலில் பட்டது, மேல்தோல் உதிரும்போது போகும். நகத்தில் பட்டது, நகம் வளர வளர நுனிக்கு நகர்ந்து, ஒருநாள் நகவெட்டியோடு போகும்.